ஒன்பதாவது கேள்வி

“அறுபது போதுமா?” என்று ஆர்டிஸ் கேட்டாள். இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டிகளைத்தான் சொன்னாள். எழுபத்திரண்டாகச் செய்துவிடு, பனி கொட்டினாலும் இன்றைக்குக் கூட்டம் வரும் என்றேன்.

“எதிர் மூலைக்காரன் சொல்றான். நம்பலாமா?”

“ரொட்டி விஷயத்துல நான் பொய் சொன்னதே இல்ல.”

சிரித்துக்கொண்டே மாவை உருட்டினாள். எங்கள் வீட்டில் நடந்த கடைசிச் சாதாரணப் பேச்சு அது. அடுத்து தொலைபேசி அடித்தது.

தேர்தல்களைப் பற்றிப் புத்தகம் எழுதுவதாகச் சொல்லி, உங்கள் கடிதத்தில் ஒன்றை மட்டும் கேட்டிருந்தீர்கள். அந்த ஆண்டு அயோவாவில் செனட்டர் குவிஸ்ட்டைக் கவிழ்த்த ஒன்பதாவது கேள்வியை எழுதியது யார்? நான்தான். லைல் டோஸ்ட்ருட். கவர்னர் ஸ்டாட்லரின் பிரச்சாரத்தில் வாசகங்கள் என் பொறுப்பு. இத்தனை ஆண்டுகளில் யாரும் என்னிடம் நேராகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஸ்டாட்லரும் குவிஸ்ட்டும் ஒரே கட்சி. ஜனாதிபதி வேட்பாளராக யாரை நிறுத்தலாம் என்று நாட்டிலேயே முதலில் சொல்வது எங்கள் மாநிலம். வாக்குச்சீட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது. பிப்ரவரி மாலை ஏழு மணிக்குப் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் அவரவர் ஆளுக்கான மூலையில் போய் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டார், பாதிரியார், பல் மருத்துவர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேராவது சேராத மூலை கலைந்துவிடும். கலைந்தவர்களை மற்ற மூலைகள் பேச்சாலும் ரொட்டியாலும் இழுத்துக்கொள்ளும்.

எங்கள் ஊரில் குவிஸ்ட் மூலைக்குத் தலைவி என் மனைவி. ஊருக்கு இது பெரிய வேடிக்கை. எங்கள் பிரச்சார மேலாளர் ரஸ் பெல்லமி என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பான்: “என்ன லைல், சோபால தூக்கம் வருதா? போர்வையாச்சும் குடுக்கிறாங்களா?”

குவிஸ்ட் அரசியலுக்கு வருமுன் எங்கள் ஊர் மருத்துவமனையில் மருத்துவராக இருந்தவர். ஆர்டிஸ் அங்கே நர்ஸ். பழைய பழக்கம் என்று ஊரார் நினைத்தார்கள்.

டிசம்பர்க் கருத்துக்கணிப்பில் குவிஸ்ட் எங்களைவிட எட்டுப் புள்ளி முன்னே இருந்தார். மூன்று மாதம் தோண்டியும் ரஸ்ஸுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கோப்புக்கட்டை மேசைமேல் போட்டுவிட்டு, “மனுஷன் நூலகப் புத்தகத்தக்கூட நாள் தவறாம திருப்பிக் குடுத்திருக்கான். இவன வச்சு நான் என்னத்தப் பண்றது?” என்றான்.

புதியவர்கள் செய்யும் தவறு அது. எதிராளியின் கெட்டதைத் தேடுவார்கள். கெட்டதற்கு மன்னிப்புக் கேட்கலாம், விளக்கம் சொல்லலாம், மனைவியைப் பக்கத்தில் நிறுத்திக் கண்ணீர் விடலாம். தேட வேண்டியது அவன் செய்த நல்லதை. அதிலும் அவனால் வெளியே சொல்ல முடியாத நல்லதை. அங்கே அடித்தால் நல்லவனால் கையைத் தூக்கித் தடுக்கக்கூட முடியாது. எனக்கு அப்படி ஒன்று தெரிந்திருந்தது.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் லொரெட்டா ரூட் என்ற சிறுமியை வாந்தி என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். மருந்தின் அளவு தவறிப்போய்க் குழந்தை இறந்துவிட்டது. தான் எழுதிக் கொடுத்த அளவுதான் அது என்று டாக்டர் குவிஸ்ட் பதிவேட்டில் கையெழுத்திட்டார். மருத்துவ வாரியம் அவரைக் கண்டித்தது. உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு பத்தி வந்தது. பிறகு மறந்துபோயிற்று.

அளவைத் தவறவிட்டது அவர் அல்ல, இரண்டு ஷிப்ட் தொடர்ந்து வேலை பார்த்துக் களைத்திருந்த இருபத்திரண்டு வயது நர்ஸ். “உனக்கு இன்னும் நாப்பது வருஷ வேல பாக்கி இருக்கு. எழுத வேண்டியத நான் எழுதிட்டேன். போய்த் தூங்கு” என்று அவளை வீட்டுக்கு அனுப்பினார். அந்த நர்ஸ் அடுத்த ஆண்டு, எங்கள் திருமணத்துக்கு முந்தைய வாரம், இதை என்னிடம் சொன்னாள். மறைத்துவிட்டுத் திருமணம் செய்துகொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

ஆக, மூன்று பேருக்குத்தான் தெரியும். அவளைக் காட்டிக்கொடுக்காமல் குவிஸ்ட்டால் பதில் சொல்ல முடியாது. அவர் காட்டிக்கொடுக்க மாட்டார். அவரைப் பற்றி அவருடைய ஆட்களைவிட எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது.

நான் அதை விளம்பரமாகப் போடவில்லை. குற்றச்சாட்டு என்றால் மறுக்கலாம். கேள்வியை மறுக்க முடியாது. கருத்துக்கணிப்பு என்று சொல்லி வீடுகளுக்குத் தொலைபேசி செய்து, சாலை, பள்ளிக்கூடம், சோளத்தின் விலை என்று எட்டுக் கேள்விகள் கேட்டுவிட்டு, ஒன்பதாவதாக இதைக் கேட்கச் சொன்னேன்: ‘டாக்டராக இருந்தபோது நான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தவறான அளவில் மருந்து கொடுத்து இறக்க வைத்ததற்கு செனட்டர் குவிஸ்ட் பொறுப்பு என்று தெரியவந்தால், அவரை ஆதரிக்கும் உங்கள் எண்ணம் கூடுமா, குறையுமா, மாறாதா?’

ரஸ் இரண்டு முறை படித்தான். “இது நெசமா?”

“அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு.”

“அவன் பதில் சொல்லிட்டா?”

“சொல்ல மாட்டாரு.”

“நல்ல வேள, நீ என் பக்கம் இருக்க” என்றான்.

கூட்டம் நடக்கும் நாளன்று காலையில்தான் அழைப்புகளைத் தொடங்கினோம். மாலைக்குள் யாரும் எழுந்து மறுக்க நேரம் இருக்காது. எங்கள் மாவட்டத்தை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லியிருந்தேன். அதில் எப்படியோ ஓர் எண் தப்பிவிட்டது.

எங்கள் மாநிலத்தில் யாரும் பாதியில் தொலைபேசியை வைப்பதில்லை. அழைப்பவர் முடிக்கும்வரை இருந்து, நன்றி சொல்லிவிட்டுத்தான் வைப்பார்கள். ஆர்டிஸ் மாவுக் கையைச் சமையல் அங்கியில் துடைத்துவிட்டு எடுத்தாள். நான் காப்பியுடன் மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

“சொல்லுங்க... ஆமா, கண்டிப்பா போவேன்... குவிஸ்ட்டுக்கு... இல்லம்மா, தொந்தரவு ஒண்ணுமில்ல, கேளுங்க.” சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பதில் சொன்னாள். பிறகு ரிசீவரை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். “இன்னொரு தடவ படிக்கிறீங்களா?” என்றாள். கேட்டாள். “மாறாதுன்னு போட்டுக்குங்க. பரவாயில்லம்மா. வெளிய குளிரு, பத்திரமா வீடு போய்ச் சேருங்க.”

திரும்பி வந்து, மீதி மாவைச் சுருட்டி, வெட்டி, தட்டில் அடுக்கினாள். அடுப்பில் வைத்த பிறகுதான் பேசினாள்.

“நாலு வயசுன்னு கேட்டாங்க, லைல்.”

“எந்தக் கேள்வி?”

“பேப்பர்ல அஞ்சுன்னு வந்துச்சு. பதிவேட்டுலயும் அஞ்சுதான். அவ அம்மா அப்படித்தான் சொல்லி எழுதினாங்க. அந்தப் புள்ளதான் என்கிட்ட நாலு விரலக் காட்டி, ‘இன்னும் ஒம்பது நாள் இருக்கு, கேக் வெட்டினாத்தான் அஞ்சு’ன்னா. அத நான் ஒரே ஒரு ஆள்கிட்டதான் சொன்னேன்.”

நான் எப்போதும் விவரங்களைச் சரியாக எழுதுகிறவன். அந்தப் பழக்கம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

“கேள்விதானே, ஆர்டிஸ்” என்றேன்.

“இன்னிக்கு மாலை எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நான் சொல்லப்போறேன். மனுஷன் இருபத்தாறு வருஷம் சுமந்தது போதும்.”

நான் குரலை உயர்த்தவில்லை. உள்ளதைத்தான் சொன்னேன்: “தாராளமாச் சொல்லு. திருமதி ரூட்டும் அங்கதான் இருப்பாங்க.”

குழந்தையின் தாய் அவர். தேவாலயப் பாடகர் குழுவில் ஆர்டிஸுக்குப் பக்கத்து இடம். ஞாயிறுதோறும் இருவரும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள்.

ஆர்டிஸ் அடுப்பைத் திறந்து பார்த்தாள். ரொட்டி வெந்ததும் சர்க்கரைப்பாகு ஊற்றினாள். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். நான்கு மணிக்குக் கூடத்தில் தட்டுகளைக் கொடுத்துவிட்டு, மறுபடி காரில் ஏறினாளாம். அணைக்குக் கீழே ஆறு உறைவதில்லை. மறுநாள் அங்கே அவளைக் கண்டெடுத்தார்கள். கையுறைகள் கார் இருக்கையில் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

அன்று மாலை எனக்கு அது தெரியாது. வீட்டில் விளக்கணைத்துப் படுத்திருப்பாள் என்று நினைத்தேன். ஏழு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். வந்தவர்கள் இருநூற்று நான்கு பேர், மூலைக்குத் தேவை முப்பத்தொன்று. குவிஸ்ட் மூலையில் முப்பது பேர் இருந்தார்கள். இரண்டு முறை எண்ணினார்கள். “ஆர்டிஸ் எங்கய்யா? உன் பொண்டாட்டிய வீட்ல பூட்டி வச்சிட்டு வந்தியா?” என்று பல் மருத்துவர் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூலை கலைந்தது. அவள் செய்த ரொட்டியைத் தின்றுகொண்டே எங்கள் பக்கம் பதினேழு பேர் வந்தார்கள். திருமதி ரூட் மட்டும் யாரிடமும் போகாமல் மேலங்கியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். முப்பதில் ஒருவர் அவர்.

மாநிலத்தில் குவிஸ்ட் மூன்றாவதாக வந்து, அந்த வாரமே விலகினார். ஆர்டிஸின் அடக்கத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். போகும்போது என் கையைப் பிடித்து, “நல்ல நர்ஸ், லைல்” என்றார். என் கணிப்பு சரி, அவர் கடைசிவரை பதில் சொல்லவில்லை.

பட்டியலில் ஓர் எண் தப்பிவிட்டது என்று மேலே எழுதினேன். விவரம் சரியாக இருக்க வேண்டும் என்பதால் திருத்துகிறேன். எங்கள் வீட்டு எண்ணைத் தாளின் அடியில் பேனாவால் சேர்த்தது நான். பத்து மணிக்கு அழைக்கவும் என்று குறித்ததும் நான். அந்நேரம் அவள் மாவும் கையுமாக வீட்டில் இருப்பாள். திருமணமான நாளிலிருந்து என் எல்லா வாசகங்களையும் முதலில் அவளிடம்தான் சொல்லிப் பார்ப்பேன். அவள் முகத்தைப் பார்த்தாலே வாசகம் தேறுமா என்று தெரிந்துவிடும். அதோடு, எங்கள் கூடத்தில் குவிஸ்ட்டுக்குச் சரியாக முப்பத்தொன்றுதான் தேறும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு மாலை அவள் வீட்டிலேயே இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அவளுக்கு நான் எந்தக் கெடுதலும் நினைக்கவில்லை.

எந்தக் கட்சி பழைய பட்டியலை வைத்திருக்கிறதோ தெரியவில்லை, நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஜனவரியில் தொலைபேசி அடிக்கிறது. திருமதி ஆர்டிஸ் டோஸ்ட்ருட் இருக்கிறார்களா என்று கேட்கிறார்கள். வெளியே போயிருக்கிறாள் என்கிறேன். நான் பதில் சொல்லலாமா என்று கேட்டுவிட்டு, அவர்கள் முடிக்கும்வரை இருந்து, நன்றி சொல்லிவிட்டு வைக்கிறேன்.