நான்கு அங்குலம்

தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அவர்களே, இவ்வளவு நேரமும் பொறுமை காக்கும் பெரியோர்களே, கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடும் நன்கொடையாளர்களே, காயம்பட்டு வீடு திரும்பிய வீரர்களே, அவர்களைத் தோளில் தாங்கி, தம் தோள்வலியை யாரிடமும் சொல்லாத தாய்மார்களே, உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

நன்றி சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் கேலியும் வரும். அதனால் நன்றி குறைந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள்.

என் அப்பா காலாட்படை வீரர். கண்ணிவெடியில் இரண்டு கால்களையும் இழந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இன்று எங்கள் வீட்டில் மூன்று சக்கர நாற்காலிகள் இருக்கின்றன. ஆம், மூன்று. ஒன்றில் அப்பா அமர்கிறார். ஒன்றில் துவைத்த துணிகள் அமர்கின்றன. மூன்றாவது விருந்தினருக்கு. போன மாதம் சித்தப்பா அதில் உட்கார்ந்து டீயை வாங்கக் கை நீட்டினார். பிரேக் போடவில்லை. டீ அம்மாவின் கையிலேயே நின்றது. சித்தப்பா வாசல் வரை போய்த் திரும்பினார். சிரியுங்கள், அவரும் சிரித்தார்.

கொடுத்தவர்கள் யார்? உங்களைப் போன்ற மூன்று அமைப்பினர். கேட்டவள் யார்? நான்தான். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் என்பதால், எந்தப் படிவம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். எல்லாப் படிவத்திலும் இரண்டே கட்டங்கள்: சக்கர நாற்காலி, தையல் மெஷின். அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்கவே கண் தெரியாது. ஆகவே மூன்று முறையும் நாற்காலிக்கு டிக் அடித்தேன். பட்டம் வாங்கிய கைதான். கட்டத்துக்கு வெளியே ஒரு வரி எழுத அதற்குத் துணிவு வரவில்லை.

என்ன எழுதியிருக்க வேண்டும்? நாற்காலியின் அகலம் இருபத்தாறு அங்குலம். எங்கள் குளியலறைக் கதவின் அகலம் இருபத்திரண்டு. காட்டைக் கடந்தவர், கணவாயைக் கடந்தவர், குண்டு மழையைக் கடந்தவர், தன் வீட்டுக்குள் நான்கு அங்குலத்தைக் கடக்க முடியாமல் நின்றார். ஒவ்வொரு முறையும் அம்மாதான் தூக்கிச் செல்ல வேண்டும்.

"சொல்லியிருக்கலாமே" என்று அங்கே ஓர் அம்மா கேட்கிறார். நானும் அப்பாவிடம் அதையே கேட்டேன்.

"பட்டாளத்துல பூட்ஸ் குடுத்தா சைஸ் சரியில்லன்னு சொல்ல மாட்டோம்மா. காலைத்தான் பூட்ஸுக்குப் பழக்குவோம்" என்றார். "இப்ப காலு போயிடுச்சு. பழக்கம் மட்டும் போகல."

அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னார்: "அடுத்த தடவை யாராச்சும் வந்தா, நாற்காலி வேணாம், பெரிய கதவு ஒண்ணு குடுங்கன்னு கேளுடி."

இதுவரை சிரிப்பு. இனி அப்படி அல்ல. இரண்டு மாதத்துக்கு முன் அப்பா வலியில் துடித்தார். சிறுநீரகத்தில் கல். "ஏன்யா, தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று மருத்துவர் கடிந்துகொண்டார். "தாகமே எடுக்கல டாக்டர்" என்றார் அப்பா. வீட்டுக்கு வரும் வழியில், ஆட்டோவில், அம்மாவுக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னார்: "தண்ணி குடிச்சா உங்கம்மாவத்தானே கூப்பிடணும். அவ முதுகு தாங்காதும்மா."

அன்பானவர்களே, பகை முன் பதுங்காத ஒருவர் ஒரு டம்ளர் தண்ணீருக்குப் பயந்து வாழலாமா? உங்களைப் போன்றோர் கொடுத்த நாற்காலி கூடத்தில் மின்னிக்கொண்டிருக்க, அதில் அமர்ந்தவர் தாகத்தோடு இருக்கலாமா?

இன்று எங்களுக்கென்று நான்காவது நாற்காலி ஒன்று ரிப்பன் கட்டி மேடைக்குப் பின்னால் நிற்கிறது. பார்த்துவிட்டேன். அழகாக இருக்கிறது. அதை இல்லாத வீட்டுக்குக் கொடுங்கள். எங்களுக்கு ஒரு கொத்தனாரையும் ஒரு தச்சரையும் இரண்டு நாள் அனுப்புங்கள். அடுத்த வாரம் இன்னும் பன்னிரண்டு வீடுகளுக்குப் படிவம் போகிறதாம். அதில் மூன்றாவதாக ஒரு கட்டம் வேண்டும்; அதை வெறுமையாக விடுங்கள். படிவத்தோடு ஓர் ஆளும் போகட்டும். அவர் கையில் ஓர் அளவு நாடா இருக்கட்டும். வாசலில் நின்று கொடுத்தது போதும். உள்ளே வாருங்கள். படியைப் பாருங்கள், கட்டிலைப் பாருங்கள், குளியலறைக் கதவைப் பாருங்கள். கொடுக்கும் கை பெரிய கை. அது கேட்கும் காதோடு வந்தால் எத்தனை பெரியதாகும்!

செயலாளர் ஐயா குறித்துக்கொள்கிறார். நன்றி ஐயா. தலைவரும் தலையசைக்கிறார், இத்தனை பேர் சாட்சி, இனி மாற்ற முடியாது.

என் தடுமாற்றத்தையும் கைதட்டி ஏற்ற சபைக்கு நன்றி. எங்களை மறக்காத எல்லா உள்ளங்களுக்கும் நன்றி. ஒரே ஒரு வார்த்தை மட்டும் சபைக்கு அல்ல, முன் வரிசைக்கு.

அப்பா, எல்லாரும் தண்ணி பாட்டிலத் திறந்து குடிச்சாச்சு. நீங்க மட்டும் மடியில வச்சுக்கிட்டே இருக்கீங்க. இந்த மண்டபத்து பாத்ரூம் கதவ நான் காலையிலேயே வந்து அளந்துட்டேன். முப்பத்திரண்டு அங்குலம். நீங்களே போயிட்டு வரலாம். குடிங்கப்பா.

அனைவருக்கும் வணக்கம் கூறி விடைபெறுகிறேன்.