பூட்டிய கேட்டுக்கு வெளியே யார் நிற்பது?

காக்க வைத்தாலும் கைவிடாமல் வந்து சேர்ந்து, இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பள்ளி நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களே! கவலையை முகத்திலும் கடிகாரத்தை மணிக்கட்டிலும் சுமந்து அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே! சொன்ன நேரத்துக்கு வந்து, பூட்டிய மண்டபத்தைச் சுற்றிச் சுற்றிக் கால் கடுத்த பெரியோர்களே! ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பிள்ளையின் ஒற்றைச் சாக்ஸுமாக ஓடியே பழகிய தாய்மார்களே! நாற்காலி காலியாகக் கிடந்தும், நழுவ வசதியாகக் கதவோரம் நிற்கும் தந்தையரே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நேரம் தவறாமை பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். நானும் நேரம் தவறாமல் வந்தேன். மண்டபத்துச் சாவி வரவில்லை. சாவி வந்தது, மைக் வரவில்லை. மைக் வந்தது, தலைவர் வரவில்லை. தலைவரும் வந்தார். அதற்குள், நாம் யாரைப் பற்றிப் பேசக் கூடினோமோ அந்த நேரம் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டது. கைதட்ட வேண்டாம் அம்மா, அதற்கும் நேரம் ஆகும்.

நான் யார் என்று சிலர் கேட்கலாம். பள்ளிக்கு எதிர்வீட்டுக்காரி. தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து, "ஓடு, ஓடு, மணி அடிக்கப் போகுது!" என்று கத்துகிறவள். பிள்ளைகள் எனக்கு 'அலாரம் ஆன்ட்டி' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். நான் அதைப் பட்டம் வாங்கியதாகவே நினைத்துக்கொள்கிறேன். கான்வென்டில் படித்தவள் நான். அங்கே தாமதமாக வருகிறவள் வாசலில் முழங்காலிட வேண்டும். என் முழங்காலில் ஒரு நாளும் மண் ஒட்டியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்வது மேடை மரபு. நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். என் கணவரோ எல்லாவற்றுக்கும் தாமதம். கல்யாண மேடைக்கே தாமதம். ஒரே ஒரு பயணத்தில்தான் என்னை முந்திக்கொண்டார். அதற்கும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

ஆகவே, தாமதத்துக்குப் பரிந்து பேச நான் வந்திருக்கிறேன் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

இன்று நீங்கள் கைதூக்கி நிறைவேற்றப் போகும் விதி என்ன? மணி அடித்ததும் கேட் பூட்டப்படும். தாமதமாக வந்த பிள்ளை வெளியே நிற்கும். ஒரே பருவத்தில் மூன்றாவது முறையும் தாமதித்தால் பெயர் நீக்கப்படும். ஆகா! என்ன கண்டிப்பு! என்ன கம்பீரம்! ஆனால் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். ஏழு வயதுப் பிள்ளையா வீட்டில் அலாரம் வைக்கிறது? ஏழு வயதுப் பிள்ளையா இஸ்திரிப் பெட்டியைத் தேடுகிறது? ஏழு வயதுப் பிள்ளையா பெட்ரோல் போட மறந்து பாதி வழியில் வண்டியைத் தள்ளுகிறது?

போன வாரம் ஒரு தந்தை வந்தார். வண்டியை நிறுத்தியபடியே வாட்ச்மேனிடம் சொல்கிறார்: "என்னண்ணே பண்றது, டயர் பஞ்சர்." பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மகள், பொய் பேசக்கூடாது என்று முந்தின நாள்தான் பாடம் படித்தவள் போலிருக்கிறது, "இல்ல அங்கிள், அப்பா எந்திரிக்கவே இல்ல. அம்மா தண்ணி ஊத்துனாங்க" என்றாள். அந்தத் தந்தை இங்கே இருக்கிறாரா என்று நான் கேட்க மாட்டேன். கதவோரமிருந்த ஒருவர் இப்போதுதான் தூணுக்குப் பின்னால் போனார். போகட்டும். டயரைப் பார்க்கப் போயிருப்பார்.

தலைமையாசிரியை அம்மாவும் சும்மா இருக்கவில்லை. பள்ளிக் கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார். அருமையான யோசனை. ஒரு வாரம் எல்லோரும் அரக்கப் பரக்க ஓடி வந்தார்கள். பிறகு ஒரு தாய் கண்டுபிடித்தார்: "அட, அது ஸ்கூல் டைம்க்கா! நிஜ டைம் இன்னும் ஆகல, மெதுவா வாங்க." அன்றிலிருந்து இந்தத் தெருவில் நேரங்கள் இரண்டு. தாமதம் மட்டும் பழைய ஒன்றுதான்.

சிரித்தது போதும். இனிச் சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன்.

விதி இன்னும் நிறைவேறவே இல்லை. ஆனால் ஒத்திகை தொடங்கிவிட்டது. இரண்டு வாரமாகவே கேட் பூட்டப்படுகிறது. ஒருநாள் மணி அடித்து முடிந்தது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். வாட்ச்மேன் கேட்கிறார்: "வந்தாச்சா மகாராணி? போன வாரமும் லேட்டு, இன்னைக்கும் லேட்டு. இன்னொரு தடவை ஆச்சுன்னா பேரையே எடுத்துடுவாங்க, தெரியுமா?"

அவள் அழவில்லை. சுவரோரமாக நடந்து தன் வகுப்பறை ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள். உள்ளே டீச்சர் வருகைப் பதிவு எடுக்கிறார். ஒவ்வொரு பெயராக வருகிறது. இவள் பெயர் வந்தது. சுவருக்கு வெளியே, தெருவில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு, குதிகாலை உயர்த்தி இவள் கத்தினாள்: "பிரசென்ட் மிஸ்!"

உள்ளே பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அவளோ பதில் சொல்லிவிட்ட நிம்மதியில் என் வீட்டு வாசற்படிக்கு வந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். படியைத் தட்டவில்லை, பாவாடையைத் தட்டினாள். அதைக் கவனியுங்கள்.

"ஏம்மா, வீட்டுல யாரும் எழுப்பலையா?" என்றேன்.

"நான் முதல்லயே எந்திரிச்சிட்டேன் ஆன்ட்டி. அம்மா விடியறதுக்குள்ள வேலைக்குப் போயிடுவாங்க, நானே சடை போட்டுக்குவேன். அப்பாதான் லேட்டு. கார் ஓட்டுறாருல்ல? பெரிய வீட்டுத் தம்பிய எறக்கி விட்டுட்டு, காரை அங்க விட்டுட்டு, அப்புறம்தான் சைக்கிள்ல என்னைக் கூட்டிட்டு வருவாரு."

"அந்தத் தம்பி எந்த ஸ்கூல்?"

"இந்த ஸ்கூல்தான். என் கிளாஸ்தான். பக்கத்து பெஞ்ச்."

"அடி கண்ணு, அப்போ அதே காரில ஏறி வர வேண்டியதுதானே?"

அவள் என்னை, கணக்கு வராத பிள்ளையை டீச்சர் பார்ப்பது போலப் பார்த்தாள். "சீட்டு அழுக்காயிடும்ல ஆன்ட்டி?"

பாவாடையை ஏன் தட்டினாள் என்று இப்போது புரிகிறதா?

அடுத்த நாள் ஜன்னலை விட்டு நான் நகரவில்லை. மணி அடித்தது. கேட் பூட்டப்பட்டது. பிறகு கார் வந்தது. பெரிய வீட்டுப் பிள்ளை பால் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்ததில் காரும் தாமதம். என்ன ஆச்சரியம்! பூட்டிய கேட் தானாகத் திறந்தது! வாட்ச்மேன் சலாம் போட்டார்! நான் கேட்டேன்: "ஏன்பா, இது லேட்டு இல்லையா?" அவர் சொன்னார்: "அம்மா, அது காரும்மா."

கேட்டீர்களா? கால் தாமதமானால் குற்றம், கார் தாமதமானால் வரவேற்பு! ஒரே பால் டம்ளர், ஒரே தாமதம்; ஒரு பிள்ளை உள்ளே, ஒரு பிள்ளை தெருவிலே! காரை வீட்டில் விட்டுவிட்டு, அன்று மட்டும் அவள் அப்பா சைக்கிளை மிதிக்கவில்லை, பறக்கவிட்டார் என்றே சொல்ல வேண்டும். சலாம் போட்ட அவசரத்தில் வாட்ச்மேன் கேட்டைப் பூட்ட மறந்திருந்தார்; நினைவு வந்து சாத்துவதற்குள் அவளும் நுழைந்துவிட்டாள். தப்பித்தாள். நாளைக்கும் பறக்குமா அந்தச் சைக்கிள்? நீங்கள் இப்போது கைதூக்கினால், நாளைக்கோ நாளை மறுநாளோ அவள் பெயர் போய்விடும். பக்கத்து பெஞ்ச் மட்டும் பத்திரமாக இருக்கும்.

யாருடைய கார் என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். ஐயா, மேடையைப் பாருங்கள். யாருடைய கைக்குட்டை இந்நேரம் நெற்றிக்குப் போயிருக்கிறது?

"எனக்கு இது தெரியாதும்மா" என்கிறார் தலைவர். நம்புகிறேன். காருக்குள்ளிருந்து பார்த்தால் சைக்கிள் தெரியாதுதான். அதற்காகத்தான் இதைத் தபாலில் எழுதாமல் மைக்கில் சொன்னேன்.

விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதி வேண்டும்! கேட்டும் வேண்டும், பூட்டும் வேண்டும்! ஆனால் ஒரு திருத்தம் கேட்கிறேன். மணி அடித்த பிறகு வரும் பிள்ளை உள்ளே போகட்டும். பிள்ளையைத் தாமதப்படுத்திய பெரியவர் வெளியே நிற்கட்டும்! தூங்கிய தந்தை நிற்கட்டும்! போனைத் தடவிக்கொண்டிருந்த தாய் நிற்கட்டும்! கார் வைத்திருப்பவரும் காலணி இல்லாதவரும் ஒரே வரிசையில் நிற்கட்டும்! முதல் பாடம் முடியும்வரை என் வாசற்படி உங்களுக்காகக் காத்திருக்கும். குடிக்கத் தண்ணீர் தருவேன். புத்தி, கேட்டாலும் தருவேன், கேட்காவிட்டாலும் தருவேன்.

கைதூக்குவதற்கு முன்னால் ஒரே ஒரு வருகைப் பதிவு. தன்னால் ஒரு பிள்ளை தாமதமானது என்று நெஞ்சறிந்தவர்கள் பதில் சொல்லுங்கள்.

யாரது? கதவோரம், கார் சாவியோடு? "பிரசென்ட் மேடம்" என்கிறீர்களா? சைக்கிளைப் பறக்கவிட்ட தம்பி, நீங்கள் உட்காருங்கள். உங்கள் பெயரை நான் கூப்பிடவில்லை.

தலைவர் ஐயா?

என்ன சொன்னீர்கள்? மண்டபத்தில் கேட்கவில்லை. இதோ மைக். கொஞ்சம் சத்தமாக. உங்கள் கார் ஓட்டுநரின் மகள் சுவருக்கு அந்தப்புறம் நின்று சொன்னாளே, அந்தச் சத்தத்தில் சொல்லுங்கள்.

"பிரசென்ட்."

நன்றி ஐயா. தாமதமாக வந்தாலும் வந்துவிட்டீர்கள். உங்களுக்குக் கேட்டைப் பூட்ட எனக்கு மனமில்லை. காலையில் காரின் பின் சீட்டில் இரண்டு பிள்ளைகளைப் பார்க்க ஜன்னலோரம் காத்திருப்பேன். பாலை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் ஆற்றச் சொல்லுங்கள். பெரியோர்களே, தாய்மார்களே, நான் வந்த நேரத்தில் இந்த மண்டபம் பூட்டிக் கிடந்தது. போகிற நேரத்தில் எழுந்து நிற்கிறீர்கள். அந்த மரியாதைக்கு நன்றி. இப்போது திருத்தத்துக்குக் கைதூக்குங்கள், மணி அடிப்பதற்குள். வணக்கம்.