கிடாமுரா சொல்லாத வாசகம்

நினைவுக்கல் திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கித் தள்ளாத வயதிலும் தலைநிமிர்ந்து அமர்ந்திருக்கும் மீனவர் சங்கத் தலைவர் அவர்களே! கல்லைக் கொடுத்த கைகளே, கல்லைச் செதுக்கிய கரங்களே! கடல் தந்ததை உண்டு வாழ்ந்து, கடலுக்கே மகனைக் கொடுத்துவிட்டு, கண்ணீரும் வற்றி முன்வரிசையில் வீற்றிருக்கும் என் அன்னையரே! படகு போய்விடுமே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே! எல்லோருக்கும் எளியவன் ஓனுகியின் வணக்கம்.

நான் பேச்சாளன் அல்லன். போர்க்காலத்தில் நீர்மூழ்கிக் கப்பலில் தொலைபேசியைக் காதில் வைத்துக் கிடந்தவன். "அப்புறம் எதுக்கய்யா மைக்கைப் பிடிச்சே?" என்கிறார் பின்னால் ஒருவர். கேளுங்கள் ஐயா, கேட்டுவிட்டுத் திட்டுங்கள்! இருபத்தேழு ஆண்டுகளாக ஒரு செய்தியை உரியவரிடம் சேர்க்காமல் ஒளித்து வைத்திருக்கிறேன். உரியவர் அதோ, இரண்டாம் வரிசையில் இருக்கிறார். எங்கள் கப்பலின் சமையற்காரர் ஷிராகி அண்ணன்.

எங்கள் கப்பலின் மேல்தளத்தில் மூன்று டார்பிடோக்களைப் பட்டை போட்டுக் கட்டியிருந்தோம். மனிதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டிப்போய் எதிரிக் கப்பலில் மோதி வெடிக்கும் டார்பிடோக்கள். ஏறிப் புறப்பட்டவன் இறங்க வழியில்லை. மூன்றாவதை ஓட்ட வந்தவன், இன்று நாம் கல் நாட்டும் கிடாமுரா. வயது பத்தொன்பது! பத்தொன்பதில் நாமெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? மீசை முளைத்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவனோ அன்னாசிப்பழ டப்பாவைப் பிரித்துப் பாதிக்கு மேல் எனக்குத் தள்ளுவான். "வச்சுச் சாப்பிடேன்டா" என்றால், "வச்சுச் சாப்பிடுற வேலை உங்களுக்குத்தாண்ணே" என்று சிரிப்பான்.

அன்பர்களே, நம் வீடுகளில் கிளம்புகிறவர் என்ன சொல்வார்? "போயிட்டு வரேன்" என்பார். இருப்பவர் "போயிட்டு வா" என்பார். டார்பிடோ வீரர்களுக்கு அந்தச் சொல் கிடையாது. "போறேன்", அவ்வளவுதான்! அவர்கள் காதுபட "வா" என்று சொல்லாமல் நாங்களும் நாக்கைக் கட்டிப் பழகியிருந்தோம்.

எதிரிக் கப்பல்கள் தென்பட்டன. கட்டளை பிறந்தது. முதல் இருவரும் "போறேன்" என்றார்கள், போனார்கள். கிடாமுரா நெற்றித்துணியை இறுக்கினான், ஏணியில் கால் வைத்தான், பழக்கதோஷத்தில் "சரி, போயிட்டு வரேன்!" என்றான். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்துவதற்குள், அடுப்படியிலிருந்து தலையை நீட்டிய ஷிராகி அண்ணன் கரண்டியும் கையுமாக, "போயிட்டு வா தம்பி!" என்று குரல் கொடுத்துவிட்டார்.

என்ன நடந்தது தெரியுமா? மூன்றாவது டார்பிடோவின் என்ஜின் பற்றவே இல்லை.

இறங்கி வந்தான் கிடாமுரா. அழுது சிவந்த கண்களோடு நேரே அடுப்படிக்குப் போனான்.

"எல்லாம் உங்க வாயால வந்ததுண்ணே! வான்னீங்க, வந்துட்டேன். போன ரெண்டு பேர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"வாய் தவறி வந்துடுச்சுப்பா. முதல்ல சூப்பைக் குடி."

"உங்க சோறும் வேணாம், சூப்பும் வேணாம்!"

மறுநாள் கப்பல் மேலே வந்தபோது மெக்கானிக் என்ஜினைச் சரிசெய்தார். மீண்டும் எதிரி, மீண்டும் கட்டளை. கிடாமுரா ஏணியருகே நின்று ஷிராகி அண்ணனிடம், "இன்னிக்காவது கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்கண்ணே" என்றான். அண்ணன் கழுத்துத் துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். அவன் "போறேன்" என்று ஏறினான்.

டார்பிடோவுக்கும் கப்பலுக்கும் இடையே இருந்தது ஒரே ஒரு தொலைபேசிக் கம்பி.

"ஓனுகி அண்ணே, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"யாருமில்ல, சொல்லு."

"நேத்து என்ஜின் பத்தலேல்ல... எனக்கு சந்தோஷமா இருந்துச்சுண்ணே. அழுகை வர்ற அளவுக்கு சந்தோஷம். அந்த வெக்கத்துலதான் ஷிராகி அண்ணனைத் திட்டிட்டேன். அவர் வாய் நல்ல வாய்தான்னு சொல்லிடுங்க. சரி, பத்த வைக்கிறேன்."

என்ஜின் பற்றியது. பட்டைகள் கழன்றன. கம்பி அறுந்தது.

வாழ்வை வெறுத்தவன் சாவைத் தேடினால் வியக்க என்ன இருக்கிறது? இவன் வாழ ஆசைப்பட்டவன்! ஆசைப்பட்டதை அறிந்தவன்! அறிந்ததை வாய்விட்டுச் சொன்னவன்! சொல்லிவிட்டுத் தன் கையாலேயே என்ஜினைப் பற்றவைத்தவன்! அவன் துணிவை எண்ணினால் இன்றும் என் உடல் சிலிர்க்கிறது. அவனை அதற்குள் உட்கார வைத்த எங்களை எண்ணினால் உடல் கூசுகிறது.

"கடைசியா என்ன சொன்னான்?" என்று கேட்டார் கேப்டன். என்ஜின் பற்றாதபோது மகிழ்ந்தான் என்று சொன்னால் கோழை என்பார்களே! "'சிரித்தபடி செல்கிறேன், நாடு வாழ்க' என்றான்" என்று நான் சொன்னேன். இதோ இந்தக் கல்லில் பொறித்திருக்கிறீர்களே, அது அவன் வாசகமல்ல. இந்த ஓனுகியின் பொய்! பொறுங்கள், சத்தம் போடாதீர்கள். உங்கள் கோபம் நியாயமானது.

அந்தப் பொய் வெளிப்பட்டுவிடுமே என்று அண்ணனிடம் உண்மையை மறைத்தேன். அன்றிலிருந்து அவர் எவரையும் வழியனுப்பியதில்லை. மகள் மணமாகிப் புறப்பட்டபோதும் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டார். தம்மைத் திட்டிய வாயோடு அந்தப் பிள்ளை செத்தான் என்றே நம்பினார். அண்ணே, உங்கள் வாய் நல்ல வாய்! ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக் கொடுத்த வாய்!

அண்ணன் எழுந்துவிட்டார். ஏதோ கேட்கிறார், அமைதி, அமைதி!

"அந்த ஒரு நாளும் அவன் பட்டினியாக் கிடந்தானேடா?"

இல்லை அண்ணே! நீங்கள் பாத்திரம் கழுவப் போனபோது என் பங்குச் சோற்று உருண்டைகளை வாங்கித் தின்றான். "அவர்கிட்ட சொல்லிடாதீங்க, இன்னும் கோவமா இருக்கேன்னே நினைக்கட்டும்" என்றான். நாலு உருண்டை அண்ணே! நாலும் நீங்கள் பிடித்தது!

பெரியோர்களே, கல்லில் அந்த வரியை அழித்துவிடுங்கள். பெயர் ஒன்றே போதும். பொய்யனின் வாய்மொழியைப் பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி சொல்லி, அண்ணனை அழைத்து வர மேடையிலிருந்து இறங்குகிறேன். வணக்கம்.