உப்பில்லாக் கஞ்சி

தொண்ணூறுகளில் ஒரு காலை. ஆறுமுகநேரியிலிருந்து தூத்துக்குடி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் உப்பளத்துப் பெண்கள் இருவர்.

"எங்க வீட்டுக்காரரு வேலை பாக்குத கெமிக்கல் கம்பெனியை மூடச் சொல்லி, மொத ஆளா மறியல்ல உக்காந்தவ நாந்தான்."

"ஏளா, குடும்பம் வெளங்குமா?"

"கழிவுத் தண்ணிய அப்படியே உப்பளத்து ஓடையில விட்டான். பாத்தியில உப்பு மஞ்சளா வெளைஞ்சா எவன் வாங்குவான்? எத்தனை வீட்டுல அடுப்பு அணைஞ்சுது!"

"மூடுனதும் ஒன் அடுப்பும்லா அணைஞ்சுது?"

"ஆமா. எங்க வீட்டுக்காரருக்கு வேலை போச்சு. நான் வாருன உப்பு வேண்டாம்னு உப்பில்லாக் கஞ்சி குடிச்சாவ. சுத்தம் பண்ணித்தான் தண்ணிய விடணும்னு சர்க்கார் கண்டிஷன் போட்டுது. கம்பெனிக்காரன் சுத்தம் பண்ணுத தொட்டி கட்டி, கம்பெனிய மறுபடி தொறந்துட்டான். அந்தத் தொட்டியைப் பாத்துக்கிடுதது இப்ப அவியதான். எங்க உப்பும் வெள்ளை வெளேர்னு வெளையுது."

"இப்பவாவது பேசுதாவளா?"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அவள் சிரித்தாள்.

"நேத்து கேக்காவ: 'ஏளா, கஞ்சியில உப்பு பத்தலையே!'"