முக்கால் அங்குல புஷ்ஷிங்கும் பூஜைத் தட்டில் இருந்த அளவியும்

இன்று 2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. நேரம் காலை 11 மணி 20 நிமிடம். பிரிக்பீல்ட்ஸில் இந்த மண்டபத்தில் அமர்ந்திருப்பவர்கள் 143 பேர். மேடையேறும் முன் எண்ணினேன். என் கையில் இருப்பது ஒரே ஒரு புஷ்ஷிங்.

இனி மரபுப்படி. கிள்ளான் பள்ளத்தாக்குக் குழாய்ப்பொருள் வணிகர், பிட்டர் சங்கத்தின் தலைவரும் கிள்ளானில் கடை நடத்துபவருமான மதிப்பிற்குரிய சொக்கலிங்கம் ஐயா அவர்களே! இரும்பைத் தூக்கியே இடுப்பு வளைந்த பெரியோர்களே! நெருப்போடும் நீராவியோடும் நித்தம் நின்று, குழாய் பொருத்திப் பிழைக்கும் பிட்டர் நண்பர்களே! போனவர் முழு உடம்போடு திரும்ப வேண்டுமே என்று வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில், வலது கையில் கட்டோடு உட்கார்ந்திருக்கும் ஜீவன் அண்ணன் அவர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் பிரவின். இயந்திரப் பொறியாளன். இங்குள்ள எந்தக் கடையிலும் எனக்குச் சம்பளம் இல்லை. போர்ட் கிள்ளானில் நடந்த விபத்தை ஆராயச் சங்கம் கேட்டது, ஆராய்ந்தேன். அழைப்பிதழில் என் தலைப்பு 'தொழிலும் பக்தியும்' என்று அச்சாகியிருக்கிறது. நல்ல தலைப்பு. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இதே மண்டபத்தில் ஒரு வாக்கெடுப்பு இருக்கிறது. பிட்டர் ஜீவன் அண்ணனுக்குச் சங்கம் கொடுத்த பரிந்துரையை நீக்குவதா, வேண்டாமா? காரணம், 'பிட்டரின் கவனக்குறைவு'. நீக்கினால் நாளையிலிருந்து எந்தத் தொழிற்சாலைக் கதவும் அவருக்குத் திறக்காது. ஆகவே நான் பேசப்போவது அது ஒன்றைப் பற்றித்தான்.

இது என்ன? பின்வரிசைக்குத் தெரிகிறதா? மரை, அதாவது திருகு வரி உள்ள பிளேஞ்ச் புஷ்ஷிங். வெளியே முக்கால் அங்குல மரை. உள்ளே அரை அங்குல மரை. கழுத்தில் தட்டையாக ஒரு விளிம்பு. பெரிய குழாய்க்கும் சின்னக் குழாய்க்கும் நடுவே நிற்பது. தண்ணீர் வந்தால் தாங்கும். எண்ணெய் வந்தால் தாங்கும். சீறிக்கொண்டு நீராவி வந்தாலும் தாங்கும். எதைத் தாங்காது? பொருந்தாத மரையைத் தாங்கவே தாங்காது!

மரையில் இரண்டு வகை நம்மிடம் புழங்குகிறது. பிரிட்டிஷ் மரையின் பல் ஐம்பத்தைந்து பாகை. அமெரிக்க மரையின் பல் அறுபது. மற்ற அளவுகளில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல் என்பதும் மாறும். தவறான ஜோடி ஆரம்பத்திலேயே முரண்டு பிடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். அரையும் முக்காலும் அப்படி இல்லை. இரண்டு வகையிலும் பதினான்கே பல். கண்ணுக்கு ஒன்று. கைக்கும் ஏறக்குறைய ஒன்று. சுற்றினால் சுற்றும், சற்றே சிக்கும், 'இறுகிவிட்டது' என்று நம்ப வைக்கும். நீங்கள் நம்பலாம், நான் நம்பலாம். நீராவி நம்பாது!

இதைப் பிரித்துச் சொல்ல ஓர் அளவி உண்டு. விசிறி போல விரியும் சின்னச் சின்னப் பல் தகடுகள். மரையின் மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் வேலை முடிந்தது. அந்த அளவி அன்றைக்கு எங்கே இருந்தது? பூஜைத் தட்டில் இருந்தது.

ஆயுத பூஜை நாள். தலைவர் ஐயா கடையில் ஸ்பேனர், ரம்பம், அளவி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் எடுப்பதில்லை. நம் எல்லாக் கடையிலும் அப்படித்தான். அந்த மாலை போர்ட் கிள்ளானில் ஓர் எண்ணெய்த் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு. மறுநாள் கொதிகலனை ஓட்ட வேண்டும், முக்கால் புஷ்ஷிங் உடனே வேண்டும். கடையில் புதிதாக வந்த பெட்டியில் இரண்டு வகையும் கலந்து கிடந்தன. கவுண்டரில் இருந்த ஷாமினி ஐயாவைக் கேட்டிருக்கிறார்:

"அங்கிள், எது எதுன்னு தெரியல. அளந்து பார்த்துட்டு அனுப்பலாமா?"

"சாமிகிட்ட வச்சத தொடாதம்மா. ரெண்டும் முக்கால்தானே? பார்த்தாலே தெரியுதுலா."

என்னம்மா, எழுந்து நிற்கிறீர்கள்? 'ஆமா, நான் கேட்டேன்' என்கிறார். நன்றி ஷாமினி. உட்காருங்கள்.

அனுப்பியது அமெரிக்க மரை. அங்கே இருந்தது பிரிட்டிஷ் குழாய். ஜீவன் அண்ணன் கையால் சுற்றினார். பாதியில் நின்றது. அவர் என்ன செய்தார்? மறைத்தாரா? ஐயாவுக்குப் போன் போட்டார்.

"பாஸ், பாதிக்கு மேல போகமாட்டேங்குது. சாமான் மாறி வந்துருச்சா?"

"புதுச் சாமான் அப்படித்தான் இருக்கும்டா. டேப்ப நல்லா கனமா சுத்து. பெரிய ஸ்பேனர போடு. நாளைக்கு ஓடணும்லா!"

கசிவை அடைக்க மரையில் சுற்றும் வெள்ளை டேப்! நம் தொழிலின் சர்வரோக நிவாரணி! மரை தேய்ந்தால் டேப், மரை பிசகினால் டேப், மரையே வேறு என்றாலும் டேப்! சிரிக்கிறீர்கள். இங்கே சிரிக்கும் பாதிப் பேர் அதைச் செய்திருக்கிறீர்கள். குளிர்ந்த தண்ணீர் விட்டுச் சோதித்தார்கள். ஒரு சொட்டு கசியவில்லை. காலையில் நீராவி வந்தது. இரும்பு சூடாகி விரிந்தது, டேப் இளகி நழுவியது, புஷ்ஷிங் பிய்த்துக்கொண்டு வந்தது. வால்வை மூட ஓடி வந்தவர் ஜீவன் அண்ணன். மூடினார். முழங்கையிலிருந்து விரல்வரை வெந்தது.

பின்வரிசையில் என்ன அண்ணே, சத்தமாகச் சொல்லுங்கள். 'சாமிய குறை சொல்றியா தம்பி' என்கிறார். இல்லை அண்ணே. கருவியைக் கும்பிடுங்கள், நானும் கும்பிடுகிறேன். ஆனால் அளக்காதே என்று சரஸ்வதி யாரிடம் சொன்னாள்? கும்பிட்ட அன்று வேலையை நிறுத்தியிருந்தால் அது பக்தி. கருவியை நிறுத்திவிட்டு வேலையை மட்டும் ஓட்டினால் அதற்கு என்ன பெயர்?

நான் தாய்மார்களைக் கேட்கிறேன். பூஜையில் கத்தியை வைத்தால் அன்றைக்கு உங்கள் வீட்டில் சமையல் கிடையாதா?

யார் அது, மலர் அக்காவா? சொல்லுங்கள் அக்கா.

"எங்க வீட்ல ரெண்டு கத்தி இருக்கு தம்பி! ஒண்ணு சாமிக்கு, ஒண்ணு சாம்பாருக்கு!"

கைதட்டல் போதும். நேரமில்லை.

தலைவர் ஒலிவாங்கியைக் கேட்கிறார். தாராளமாக, ஐயா.

"தம்பி, நான் சுத்தச் சொன்னேன்தான். இல்லேன்னு சொல்லல. ஆனா தொழில் தெரிஞ்சவன் அவன். ஸ்பேனர போட்டு இறுக்குனது அவன் கைதானே?"

பதில் சொல்கிறேன், ஐயா. நீங்கள் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். இந்த அவை அதைக் குறித்துக்கொள்ளட்டும். இறுக்கியது அவர் கைதான். மறுக்கவில்லை. வெந்ததும் அதே கைதான்! அவர் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். என் அறிக்கையில் அதையும் எழுதியிருக்கிறேன். ஆனால் முடியாது என்று சொன்ன பிட்டரை மறுமுறை கூப்பிட்ட முதலாளி இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்ப்போம்.

ஒரு கையும் இல்லை.

கலந்த பெட்டிக்குத் தண்டனை இல்லை. அளக்காத கடைக்குத் தண்டனை இல்லை. சுற்று என்ற சொல்லுக்குத் தண்டனை இல்லை. சந்தேகம் வந்ததும் போன் போட்ட ஒரே மனிதனுக்கு மட்டும் தண்டனையா? அவரை நீக்கினால் அடுத்த பிட்டர் என்ன கற்றுக்கொள்வான்? போன் போடாதே, சுற்று, இறுக்கு, ஓடிவிடு என்று கற்றுக்கொள்வான். அப்போது அந்த வால்வை மூட யார் வருவார்? சொல்லுங்கள், யார் வருவார்?

பொறுமையாகக் கேட்டதற்கும், கேட்டுக் கோபப்பட்டதற்கும் நன்றி. உங்களை என்ன செய்யச் சொல்வது என்பது என் வேலை இல்லை. நான் செய்யப்போவதைச் சொல்லி வணங்கி விடைபெறுகிறேன்.

1. என் கையில் உள்ள இந்த அமெரிக்கப் புஷ்ஷிங்கை இப்படியே மேசைமேல் வைத்துவிட்டுப் போவேன். பக்கத்தில் பிரிட்டிஷ் புஷ்ஷிங் ஒன்று, அளவி ஒன்று. வாக்களிக்கும் முன் யார் வேண்டுமானாலும் அளந்து பார்க்கலாம்.

2. 'நான் சுத்தச் சொன்னேன்தான்' என்று ஐயா இப்போது சொன்ன வாக்கியத்தை அறிக்கையில் சேர்த்து, அவரிடமே கையெழுத்துக் கேட்பேன்.

3. நாளை காலை அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு போர்ட் கிள்ளானுக்குப் போய் அந்தத் தொழிற்சாலை மேலாளரைப் பார்ப்பேன். வாக்கு எப்படிப் போனாலும் போவேன்.

4. வலது கையால் எடுத்துச் சாப்பிட முடியாமல், இடது கையை இலையில் வைக்கக் கூச்சப்பட்டு, ஜீவன் அண்ணன் சங்கத்தின் தீபாவளி விருந்தில் பந்திக்கே வரவில்லை. இன்று அவரைக் கையோடு அழைத்துப்போய், முதல் பந்தியில், நடு வரிசையில் உட்கார வைப்பேன். பக்கத்து இலை எனக்கு. இரண்டு கரண்டி கேட்டு வாங்குவேன். இரண்டு பேரும் இடது கையால் சாப்பிடுவோம்.