நாற்பத்தொன்றாம் கைதியின் கதவு

பழைய சிறைச்சாலையில் எல்லோரும் என்னை வார்டர் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள்; பதிவேட்டில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன். வயது ஐம்பத்தெட்டு. சிறைச்சாலையின் பின்மதிலை ஒட்டிய தெருவில் இரும்புக்கடை மாடியில் குடியிருக்கிறேன். படிப்பு பத்தாவது, அதிகாரி சான்றிதழ் கேட்டதால் ஏழாவது என்று எழுதிக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை நான் கொடுத்த வாக்குமூலத்தின் நகலில் கையெழுத்துப் போட இன்று வியாழக்கிழமை இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். வந்த இடத்தில், அதில் ஒரு விஷயம் பொய் என்பதால், நானாகவே கேட்டுக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

மேற்படி சிறைச்சாலையை மூடி அறுபது வருடம் ஆகிறது. இப்போது அது டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடம். உள்ளே அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்பதை அந்தக் கால உடுப்பில் நாங்கள் நடித்துக் காட்டுகிறோம். நான் வார்டர். என் தங்கையின் கணவர் நாற்பத்தொன்றாம் எண் கைதி. தினமும் பதினொரு மணிக் காட்சியிலும் மூன்று மணிக் காட்சியிலும் அவரை இருட்டறையில் தள்ளி நிஜப் பூட்டால் பூட்டுவேன். கதவில் முகம் தெரிகிற அளவுக்குக் கம்பி ஜன்னல் உண்டு. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டுக் கெஞ்சுவார். நான் சிறையின் சட்டதிட்டங்களைப் பன்னிரண்டு வரி வசனமாக முழங்கி முடித்து, அதன் பிறகு திறந்துவிடுவேன். வசனம் என் சொந்தக் கற்பனை. என் குரலைக் கேட்டுக் கைக்குழந்தை அழுகையை நிறுத்தியிருக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தன்னை அறியாமல் எழுந்து நின்றிருக்கிறார். இது வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். தேவைதான் என்று நான் சொன்னேன்.

பார்வையாளர் இருக்கும்வரை வேஷத்தை விட்டு வெளியே வரக்கூடாது என்பது மேலாளர் அம்மா போட்ட விதி. உள்ளே இருப்பவருக்கு நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டால், அவர் என்னை ‘ஐயா’ என்று சொல்லாமல் முறை சொல்லிக் கூப்பிட வேண்டும், நான் உடனே திறக்க வேண்டும் என்பதும் அவர் போட்ட விதிதான். போன மாதம் மாப்பிள்ளை நடுக்காட்சியில், “மச்சான், முதுகு அரிக்குது, கொஞ்சம் தொறங்க” என்றார். நான் பதறிப்போய்த் திறந்தேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதன் பிறகு மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. இனி முறை சொன்னாலும் திறக்க மாட்டேன் என்று உடுப்பு மாற்றும் அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு மாப்பிள்ளை அதே அறையில் சட்டைப் பித்தானைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

“என்ன மாப்ளே, கல்யாணப் பொண்ணு மாதிரி குந்தியிருக்கீங்க?” என்றேன்.

“நெஞ்சு கரிக்குது மச்சான்.”

“நல்லதாப் போச்சு. இன்னிக்காவது நடிப்பு வரும்.”

“உங்க வசனத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் கரிக்குது” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் பித்தானைப் போட்டார்.

அதன் பிறகு பதினொன்று பத்துக்கு அவரை உள்ளே தள்ளிப் பூட்டினேன். வெளியே இருநூறு பேர் நின்றிருந்தார்கள். அதிகாரி டிக்கெட் கட்டைக் காட்டியதால் முப்பத்தாறு பேர். நான் மூன்றாம் வரி சொல்லும்போது, நின்றபடி கெஞ்ச வேண்டிய மாப்பிள்ளை கம்பியைப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கினார். நெற்றி மட்டும் தெரிந்தது. முன்வரிசையில் ஒரு பெண் “ஐயோ பாவம்” என்றார். ஏழாம் வரி முடிந்ததும் மாப்பிள்ளை எம்பி முகத்தைக் கம்பியருகே கொண்டுவந்து, “மச்சான், தொறங்க” என்றார்.

நான், “இங்கே உனக்கு மச்சான் யாரும் இல்லை, நாற்பத்தொன்று!” என்றேன். அது வசனத்தில் இல்லை. அந்த நேரத்தில் வாயில் வந்தது. கூட்டம் அப்படிக் கைதட்டியது. ஒருவர் விசில் அடித்தார். ஒன்பது வருடத்தில் எனக்கு அப்படி ஒரு கைத்தட்டல் கிடைத்ததில்லை.

இதுவரை நடந்தது அவர் விளையாடுகிறார் என்று நினைத்துச் செய்தது. இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் செவ்வாய்க்கிழமை சொல்லவில்லை.

கைத்தட்டல் கொடுத்த தெம்பில், அவர் முகத்துக்கு நேராக முழங்குவதற்காகக் கதவருகே போனேன். உதடு சாம்பல் நிறமாக இருந்தது. கை வியர்வையில் வழுக்கிக் கம்பியை விட்டது, மறுபடி பிடித்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பிலிருந்த சாவியைப் பார்த்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஐந்து வரி பாக்கி இருந்தது. பின்னால் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஐந்து வரியையும் சொன்னேன். கடைசி வரியை வழக்கம்போல் இரண்டு தடவை சொன்னேன். அந்த வரிகளை அதிகாரி இங்கே சொல்லச் சொல்லிக் கடிகாரம் பார்த்தார். ஐம்பத்திரண்டு விநாடி.

அதன் பிறகு சாவியைப் போட்டேன். பூட்டு முதல் திருப்பிலேயே திறந்தது. கதவோடு சேர்ந்து மாப்பிள்ளை என் மேல் சாய்ந்தார். மறுபடி கைதட்டினார்கள். “டாக்டர்! யாராவது டாக்டரைக் கூப்பிடுங்க!” என்று கத்தினேன். அதே குரலில் கத்தியிருக்கிறேன் போலும், இன்னும் பலமாகத் தட்டினார்கள். தொப்பியைக் கழற்றி எறிந்தேன்; அதையும் ஒருவர் எடுத்துத் தலையில் வைத்துப் படம் பிடித்துக்கொண்டார். “நடிப்பு இல்லைங்க, இவரு என் தங்கச்சி வீட்டுக்காரரு” என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொன்னேன். அதன் பிறகுதான் நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு அம்மா தடுப்புக் கயிற்றைத் தாண்டி வந்து, மாப்பிள்ளையின் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “எல்லாரும் வாயை மூடுங்க” என்றார். ஆம்புலன்ஸ் வந்தபோது பதினொன்று நாற்பது.

மருத்துவமனையில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, “கூப்பிட்டாராமே. ஏண்ணே இவ்வளவு நேரம்?” என்று கேட்டாள். “பூட்டு இறுகிப்போச்சும்மா” என்றேன். அவள் அதை மேலாளர் அம்மாவிடம் சொன்னாள். மேலாளர் அம்மா போலீசில் சொன்னார். போலீசார் என்னைக் கேட்டபோது நானும் அதையே சொன்னேன். அதன் பேரில் நேற்று, சிறைச்சாலைப் பூட்டுகளுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்ளும் பூட்டுக்காரரை வீட்டிலிருந்து அழைத்து வந்திருக்கிறார்கள். அவரை வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள்.

இன்று நான் உள்ளே வரும்போது அவர் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

“உக்காருங்க மாமா. மாப்ளை கண்ணு தொறந்தாரா?” என்று கேட்டார்.

இன்னும் இல்லை என்றேன்.

“திங்கக்கிழமைதான் எண்ணெய் போட்டேன். போட்டதா ஞாபகம். நேத்து பூரா யோசிச்சுப் பாத்துட்டேன் மாமா, நான்தான் அந்த ஒரு பூட்டை விட்டுட்டேன் போல. உங்க தங்கச்சிகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போயி நிப்பேன்?”

அதன் பிறகு நேராக உள்ளே வந்து, நகலில் கையெழுத்துப் போட மாட்டேன், வேறு தாள் எடுங்கள் என்று அதிகாரியிடம் சொன்னேன்.

பூட்டில் குறை இல்லை. பூட்டுக்காரர் எதையும் விட்டுவிடவில்லை. இதை வெளி பெஞ்சுக்குப் போய் அவரிடம் முதலில் சொல்லும்படி கேட்டேன். அதிகாரி எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தார். என்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். மாப்பிள்ளை கண் திறந்து சொல்வதற்கு முன்னால் தங்கையிடம் இதை நான் சொல்ல வேண்டும். திறக்காமல் போனாலும் நான்தான் சொல்ல வேண்டும்.

எழுதியதை அதிகாரி வாசித்துக் காட்டினார். யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. என்னைப் பற்றிச் சொன்னதில் அங்கங்கே கூட்டிச் சொல்லியிருப்பேன். கதவருகே நடந்ததில் ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சம்மதித்துக் கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)