இல்லாத பக்கம்

திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடி போகும் பஸ். எனக்கு முன் சீட்டில், முதியோர் எழுத்தறிவு வகுப்பு எடுக்கும் பெண்கள் இருவர் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆத்தூர் தாண்டியதும் ஜன்னலோரத்துக்காரி சொன்னாள்:

"நேத்து வகுப்புல மரியக்கா, புஸ்தகத்துல இல்லாத பக்கத்தையும் வாசிச்சிட்டாவ."

"என்னளா சொல்லுத?"

"கோயில் ஜெபப் புஸ்தகத்த வச்சுத்தான நான் வாசிக்கப் பழக்குனேன். நடுவுல ஒரு தாள் கிழிஞ்சு போயிருக்கு. அக்கா வெரல வச்சு, நிப்பாட்டாம வாசிச்சிட்டே போறாவ."

"சின்னப் புள்ளையில இருந்து சொல்லுத ஜெபம். மனப்பாடம்லா."

"எல்லாருக்கும் அப்படித்தான். வேற புஸ்தகத்தக் குடுத்துப் பாத்தேன். ஒருத்தருக்கும் ஓடல."

ஜன்னலைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள். உப்பளக் காற்று என் முகத்திலும் அடித்தது.

"ஜெபப் புஸ்தகத்த வச்சு ஒங்க ஊரு ஆலந்தலையில எல்லாரையும் எப்படி வாசிக்க வச்சன்னு இன்னைக்குப் பயிற்சியில உன்னத்தான மேடையில பேசச் சொல்லியிருக்காவ?"

"ஆமா."

"கமுக்கமா பேசிட்டு எறங்கிரு. யாருக்குத் தெரியப்போவுது."

"பேசிட்டா, கடக்கரை ஊர் பூராவும் இதே புஸ்தகத்தத்தான்ளா குடுத்துருவாவ. அங்கனயும் எல்லாரும் நல்லா வாசிப்பாவ."